பம்பரில் தொங்கிய எலுமிச்சை

பஞ்சாயத்துத் தலைவரின் ஜீப்புக்கு நான்தான் டிரைவர். என் தலைமுடியும் அவர் பம்பரின் பூச்சும் ஒன்றாகத்தான் உதிர்ந்தன. முடியைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

“ஏலே மாடக்கண்ணு! ஊர்க்கண்ணு படக்கூடாதுன்னு வாராவாரம் எலுமிச்சை கட்டுறேன். அப்படியும் துரு! இனி ஒரு பொட்டு வந்தாலும் உனக்கு வேலை கிடையாது” என்றார், டீக்கடைக் கூட்டத்தின் முன்னால்.

துருவைச் சுரண்டினேன், அடிப்பூச்சாகப் பிரைமர் பூசினேன், பெயிண்ட் அடித்தேன். காய்ந்ததும், அதே டீக்கடை முன்னால் தலைவர் புது எலுமிச்சையைக் கம்பியில் கோத்துக்கொண்டு வந்து நின்றார்.

“ஐயா, அது தொங்குன இடத்துலதான் துருவே பிடிச்சுது. கம்பி உரசுது, சாறு அரிக்குது.”

“அப்போ ஊர்க்கண்ணு?”

“ஊரு பொறாமைப்படுறது ஜீப்பைப் பார்த்தா, உங்களைப் பார்த்தா?”

“என்னைப் பார்த்துத்தான்!” என்று மார்பை நிமிர்த்தினார்.

“அப்போ உங்க கழுத்துலயே கட்டிருவோம்யா.”

டீக்கடை சிரித்தது. தலைவர் எலுமிச்சையைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டார்.

பம்பர் பிழைத்தது, என் வேலையும் பிழைத்தது. தலைக்குப் பூசத்தான் பிரைமர் இன்னும் கிடைக்கவில்லை.