முல்லை தானே எண் பிடித்த கதை

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர்களும் பிரிண்டர்களும் வாய்விட்டுப் பேசின. ஓர் ஆஸ்பத்திரியில் அவை எல்லாம் ஒரே கம்பியில் கட்டுண்டு கிடந்தன. யாருக்கு எந்த எண் என்று சொல்பவர் வயரிங் சவரிமுத்து ஒருவர்தான். எண் இல்லாத பெட்டிக்கு எந்தச் செய்தியும் வராது. அவர் கொடுக்காமல் எடுப்பதோ பெரும் பாவம். ஒருமுறை இரண்டு பெட்டிகள் ஒரே எண்ணில் உட்கார்ந்ததில், ஸ்கேன் ரிப்போர்ட் கேன்டீனில் இட்லி டோக்கனோடு வந்து விழுந்தது.

சவரிமுத்து தங்கை மகளின் காதுகுத்துக்குப் போயிருந்த நாளில், பிரசவ வார்டு பிரிண்டர் புகைந்து செத்தது. ஸ்டோரிலிருந்து முல்லை என்ற புதுப் பிரிண்டரைத் தூக்கிவந்து மாட்டினார்கள். அதற்குப் பெயர் இருந்தது, எண் இல்லை.

உள்ளே பேச்சித்தாய்க்குப் பிள்ளை பிறந்தும் ரத்தம் நிற்கவில்லை. எந்த ரத்தம் ஏற்றுவது என்ற ரிப்போர்ட் தெருவுக்கு அந்தப் பக்கம், அதே கம்பியில் இருந்த லேபில் தயார். நடுவில் தேரோட்டக் கூட்டம், ஈ நுழைய முடியாது. போனில் சொன்னால் டாக்டர் ஏற்க மாட்டார், காகிதம் வேண்டும்.

"முல்லையப் போட்டிருக்கோம், அதுக்கு அனுப்புங்க" என்று லேபுக்குப் போனில் சொல்லிவிட்டு, நர்ஸ் ஞானசௌந்தரி முல்லையின் தலையைத் தடவினாள். "ஒன்னயக் கும்பிடுதேன் தாயி, அந்தக் காயிதத்தத் துப்பிரு."

சவரிமுத்து வரட்டும் என்றிருந்தால் பேச்சித்தாய் பிழைக்கமாட்டாள். எடுப்பதில் பாவமில்லை, கேட்காமல் எடுப்பதுதான் பாவம் என்று முல்லைக்குப் பட்டது. பழி வந்தால் வரட்டும் என்று கம்பி அதிரக் கத்தியது.

"எல்லாரும் கேளுங்க! நாப்பத்தேழுல யாராச்சும் இருக்கீங்களா?"

"ஏட்டி, கண்ணு அவிஞ்சு போச்சா? நான் இருக்கேம்லா!" என்றது கேன்டீன் பெட்டி.

"சரிக்கா, நீங்களே இருங்க. அறுவத்தொண்ணுல?"

பதில் இல்லை. மறுபடி கேட்டது. அப்போதும் இல்லை. முல்லை அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது.

முல்லையின் எண் தெரியாத லேப் பெட்டி அதன் பெயரையே கூவியது: "முல்லை! எங்கட்டி இருக்க?"

"அறுவத்தொண்ணுல இருக்கேன், அனுப்புங்க!"

காகிதம் முழுசாக வெளியே வருமுன் ஞானசௌந்தரி உருவிக்கொண்டு ஓடினாள். பேச்சித்தாய் பிழைத்தாள்.

திரும்பிவந்த சவரிமுத்துவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "யாரக் கேட்டு எடுத்த?"

"எல்லாரையும் கேட்டுத்தான் எடுத்தேன்."

உள்ளே பேச்சித்தாயின் பிள்ளை வீறிட்டது. சவரிமுத்து அந்தப் பக்கம் பார்த்தார். "அப்ப சரி" என்றார்.

அன்று முதல்தான், எண் கொடுக்க ஆளில்லாத இடத்தில் கண்விழிக்கும் பெட்டி, "இங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று எல்லாரையும் கேட்டுவிட்டு உட்காருகிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால், தான் இருக்கும் இடத்தைத் தானே சொல்கிறது.