முதுகைக் காட்டிய முள்ளம்பன்றி

மேட்டுக்காட்டு மிருகங்களுக்கும் பள்ளக்காட்டு மிருகங்களுக்கும் நடுவில் ஒரே ஒரு சுனை இருந்தது. மழைக்காலத்தில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பங்குனி பிறந்துவிட்டால் அதில் மட்டும்தான் தண்ணீர். அதுவும் ஒரு காட்டுக்குத்தான் காணும்.

அதனால் வருஷத்துக்கு ஒரு நாள் போட்டி வைத்துக்கொண்டன. ஜெயித்த காடு மழை வரும்வரை சுனையில் குடிக்கும். தோற்ற காடு ஆற்றுக்கு நடக்க வேண்டும். ஆறு இரண்டு நாள் நடை. நடுவில் செந்நாய்கள் திரியும் காடு.

சுனைக்குப் பின்னால் ஒரு மணல்குழி. அதுதான் களம். இந்தப் பக்கம் ஒரு பாறை, அந்தப் பக்கம் ஒரு பாறை. அவரவர் பாறையிலிருந்துதான் உள்ளே குதிக்க வேண்டும். ஒரு காட்டுக்கு ஆறு பேர். ஆனால் குழிக்குள் ஒரு நேரத்தில் காட்டுக்கு ஒருவர்தான் நிற்கலாம். இவருக்கு ஒரு முறை, அவருக்கு ஒரு முறை. தன் முறை வரும்போது அடிக்கலாம். வேண்டாம் என்றால் உள்ளே நிற்பவரை ஓரத்துச் சரிவு வழியாக ஏறி வரச் சொல்லிவிட்டு வேறொருவரை இறக்கலாம். எந்தக் காட்டின் ஆறு பேரும் சாய்ந்துவிடுகிறார்களோ அந்தக் காடு தோற்றது. நடுவர் ஓர் உடும்பு.

மேட்டுக்காட்டுக்குத் தலைவர் கடமான். அதன் கொம்பு பெரிது, குரல் அதைவிடப் பெரிது. அந்தக் காட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. தங்கள் ஆள் ஓர் அடி வாங்கினால் போதும், உடனே மேலே கூப்பிட்டுக்கொண்டு மாற்றாள் இறக்கிவிடுவார்கள். யாரையும் தனியாக அடிபட விடமாட்டார்கள். அப்படியே நாலு வருஷம் ஜெயித்தும் இருந்தார்கள்.

இந்த வருஷம் கடமானோடு வந்தவர்கள் காட்டுப்பன்றி, நரி, முயல், கரிச்சான் குருவி, அப்புறம் ஆள் எண்ணிக்கைக்காகக் கூட்டி வந்த அழுங்கு. உடம்பெல்லாம் செதில். பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். வேறு ஒன்றும் தெரியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முயல் யாரையும் பெரிதாக அடிக்காது. எதிராளியை ஓட விட்டே களைக்க வைக்கும். அது வளையில் மூன்று குட்டிகளை விட்டுவிட்டு வந்திருந்தது. கண் திறந்து நாலு நாள்தான் ஆகிறது. ஆற்றுக்கு நடக்கிற வயசு இல்லை. போட்டியில் தோற்றால் மற்றவர்களுக்குக் கால் வலிக்கும். முயலுக்குக் குட்டி போகும்.

போட்டி தொடங்கியது. மேட்டுக்காட்டிலிருந்து காட்டுப்பன்றி குதித்தது. பள்ளக்காட்டிலிருந்து முள்ளம்பன்றி இறங்கியது.

முதல் முறை முள்ளம்பன்றிக்கு. அது நேராக மேட்டுக்காட்டுப் பாறையின் அடிக்கு வந்தது. முதுகைத் திருப்பியது. உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. அவ்வளவுதான்.

"என்ன அண்ணே, வந்ததும் முதுகைக் காட்டுறீங்க?" என்றது காட்டுப்பன்றி. "நாங்க எல்லாம் மூஞ்சியைப் பார்த்துத்தான் அடிப்போம்." சொல்லிவிட்டுக் கொம்புப் பல்லால் விலாவில் ஒரு குத்து விட்டது.

முள்ளம்பன்றிக்கு ரத்தம் வந்தது. அது பதிலுக்கு அடிக்கவில்லை. மறுபடி அதே இடத்தில் முதுகைத் திருப்பி உலுக்கியது. இன்னொரு குத்து. மறுபடி உலுக்கியது. மூன்றாவது குத்து.

பாறை மேலே இருந்தவர்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள்.

"குளிச்சுட்டு வந்த நாய் மாதிரி உதறிக்கிட்டே நிக்குறான் பாரு," என்றது நரி.

முள்ளம்பன்றி நொண்டிக்கொண்டே சரிவில் ஏறியது. மேலே பள்ளக்காட்டுத் தலைவன் கரடி காத்திருந்தது.

"ஏன்டா மச்சான், இன்னும் ஒரு தடவை உதிர்த்திருக்கலாமே?"

"மூணு போதும். அதுக்கு மேல போட்டா முள்ளு மேல முள்ளுதான் கிடக்கும். குத்து வாங்குற காலு அதேதானே? இனி நீ அவசரப்படாதே. தட்டிக்கிட்டே இரு. அவங்களே மாத்தி மாத்தி இறங்குவாங்க."

கரடி இறங்கியது. காட்டுப்பன்றியின் முதுகில் ஓர் அறை விட்டது.

"பன்றி, மேலே வா," என்று கூப்பிட்டது கடமான். "நரி, நீ இறங்கு."

நரி குதித்தது. கரடி அதைத் தொடவே இல்லை. அதற்குள் நரி ஊளையிட்டது. முன்னங்கால் இரண்டிலும் முள் ஏறியிருந்தது. மணலுக்குள் புதைந்து நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தவை மேலே இருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. நரி காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதே கரடி அறைந்தது.

"நரி, மேலே வா. முயல், நீ இறங்கு."

முயல் குதித்தது. அதற்கும் குத்தியது. ஆனால் முயல் பதற்றத்திலும் கவனித்தது. முதல் குத்தோடு சரி. விழுந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட்டால் அப்புறம் ஓட முடிந்தது. கரடியை மூன்று சுற்று ஓட வைத்தது. நாலாவது சுற்றில் நகம் பட்டதும் கடமான் வழக்கம்போல் கூப்பிட்டுவிட்டது. கரிச்சானை அனுப்பியது.

முயல் மூச்சு வாங்கிக்கொண்டே மேலே வந்தது.

"பெரியண்ணே, கீழே முள்ளு கிடக்கு. நாம குதிக்கிற இடத்துலயே கிடக்கு. அந்த ஆளு முதுகைத் திருப்பினது பயத்துல இல்ல."

"எனக்கும்தான் குத்துச்சு," என்றது நரி.

கடமான் குழியைப் பார்த்தது. மணல்தான் தெரிந்தது. இறங்கிய கரிச்சானோ கரடியின் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்து காதைக் கொத்திக் கிழித்துக்கொண்டிருந்தது. கரடி அலறியது. ஒரு றெக்கை இறகு போனதும் கரிச்சானும் மேலே வந்தது.

"கரிச்சானே, கீழே முள்ளு இருக்குதா?" என்று கேட்டது கடமான்.

"முள்ளா? நான் போயிட்டுத்தானே வந்தேன். ஒண்ணும் குத்தலையே. நல்ல மணல்."

"நீ எங்க மணல்ல கால் வச்சே?" என்றது முயல்.

"அக்கா, கண்ணு எனக்கும் இருக்குது. நல்லா ஜெயிச்சுக்கிட்டு இருக்கோம். அடி வாங்கினவங்க எல்லாம் முள்ளு முள்ளுன்னு சொன்னா எப்படி?"

கடமான் தலையை ஆட்டியது. யார் நன்றாகச் சண்டை போட்டுவிட்டு வந்தார்களோ அவர்கள் சொல்வதுதான் அதற்கு உண்மையாகப் பட்டது.

முயல் நடுவரிடம் ஓடியது. உடும்பு ஒரு கண்ணைத் திறந்தது.

"அவன் முள்ளு. அவன் முறையில உதிர்த்தான். விழுந்தது களத்துக்குள்ள. இதுல நான் எதைத் தப்புன்னு சொல்லட்டும்?" கண்ணை மூடிக்கொண்டது.

அதற்குள் காட்டுப்பன்றி இரண்டாம் தடவை குதித்திருந்தது. நல்ல கனமான உடம்பு. நாலு காலிலும் ஏறிவிட்டது. அடி வாங்கியதும் மேலே வந்தது. அடுத்து நரி. அதுவும் குதித்துக் குத்து வாங்கி, அடி வாங்கி, மேலே வந்தது. ஒவ்வொரு மாற்றாளும் கரடியைத் தொடுவதற்கு முன்பே பாதி உயிரோடு நின்றது.

முயல் கடமானின் முன்னால் வந்து நின்றது.

"பெரியண்ணே, நான் சொல்றதை ஒரு தடவை கேளுங்க. உள்ளே நிக்கிறவங்களை முள்ளு ஒண்ணும் செய்யல. வர்றவங்களைத்தான் குத்துது. யார் உள்ளே இருக்காங்களோ அவங்களையே நிக்க விடுங்க. மாத்தாதீங்க."

"நம்ம ஆளு அடி வாங்குறதைப் பார்த்துக்கிட்டு நான் மேலே நிக்கணுமா? அது பள்ளக்காட்டு வழக்கம். நம்ம வழக்கம் அது இல்ல தங்கச்சி."

"சரி, மாத்தித்தான் ஆகணும்னா அழுங்கை இறக்குங்க. அவனுக்குச் செதில் இருக்கு, முள்ளு ஏறாது. சுருண்டு நாலு சுத்து உருண்டான்னா எல்லா முள்ளும் ஓரத்துக்குப் போயிடும். அதுக்கப்புறம் நீங்க எத்தனை தடவை வேணும்னாலும் மாத்துங்க."

அழுங்கு மெதுவாக மூக்கை நீட்டியது. "போறேங்க. உருளும்போது கரடி ஒரு அடி அடிப்பாரு. வாங்கிக்கிறேன்."

கடமானுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு முறையை வீணாக்கிக் களத்தைப் பெருக்கச் சொல்றீங்களா? பள்ளக்காட்டுக்காரன் பார்த்தா என்ன சொல்லுவான்? மேட்டுக்காட்டுல அடிக்க ஆள் இல்ல, கூட்டுறதுக்குத்தான் ஆள் இருக்குன்னு சொல்லுவான். அதுவும் இல்லாத முள்ளை!"

அழுங்கு மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டது.

அதன்பின் நடந்ததை நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. காட்டுப்பன்றி மூன்றாம் தடவை குதித்தது, எழுந்திருக்கவில்லை. நரி குதிக்கும்போதே மயங்கி விழுந்தது. கரிச்சான் ஒரு தடவை போய் வந்தது. கரடியின் இன்னொரு காதையும் கிழித்தது. கரடிக்கும் தள்ளாட்டம்தான். இன்னும் நல்ல அடி நாலு விழுந்தால் சாய்ந்துவிடும். ஆனால் கரிச்சானுக்கு வாலில் பாதி போய்விட்டது.

"எனக்கு இன்னிக்கு இவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு அது உயரமான கிளையில் போய் உட்கார்ந்துகொண்டது. உடும்பு அதையும் சாய்ந்த கணக்கில் சேர்த்தது.

முயல் இறங்கியது. குட்டிகளை நினைத்துக்கொண்டு வலிக்கிற காலோடு ஓடியது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. இந்தத் தடவை கடமான் அதை மேலே கூப்பிடவில்லை. கூப்பிடாமல் இருக்க வேண்டிய நேரத்தில் எல்லாம் கூப்பிட்டுவிட்டு, தன்னையும் அழுங்கையும் தவிர மாற்ற ஆள் தீர்ந்த பிறகு விட்டது. மூன்றாம் சுற்றில் முயலின் கால் மடங்கியது.

மிச்சம் கடமானும் அழுங்கும்.

கடமான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குதித்தது. அந்த உடம்பின் பாரம் முழுவதும் நாலு குளம்பில் இறங்கியது. குளம்பின் இடுக்குகளில் முள் புகுந்து உள்ளே ஒடிந்தது. அது முழங்காலை மடித்து மணலில் உட்கார்ந்துவிட்டது. கரடி அதை அடிக்கக்கூட இல்லை. கழுத்தில் கையை வைத்து அழுத்தியது, அது சாய்ந்துவிட்டது.

கடைசியாக அழுங்கு இறங்கியது. சுருண்டது. பாறையின் அடியிலிருந்து தொடங்கி ஒரு மூலை விடாமல் உருண்டது. முட்கள் கடகடவென்று ஓரத்துக்குப் போய்க் குவிந்தன. ஒரு கூடை அளவு இருந்தது. கீழே விழுந்து கிடந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். குதிக்கிற இடம் இப்போது பஞ்சு மாதிரி இருந்தது.

கரடி காது இரண்டிலும் ரத்தம் ஒழுக அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"நல்லாத்தான் பெருக்கியிருக்கே தம்பி," என்றது. "யாரு வரப்போறாங்கன்னு பெருக்கினே?"

அழுங்கு பாறையை அண்ணாந்து பார்த்தது. பாறையில் யாரும் இல்லை. கரடி அதைப் புரட்டிப் போட்டது. உடும்பு வாலைத் தட்டி முடிவு சொன்னது.

அடுத்த நாள் காலையில் மேட்டுக்காடு ஆற்றுக்குக் கிளம்பியது. நொண்டாதவர் யாரும் இல்லை. முயல் ஒரு குட்டியை வாயில் கவ்விக் கொஞ்ச தூரம் கொண்டுபோய் வைக்கும். திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கும். மற்றவர்கள் நடந்த தூரத்தை அது ஐந்து மடங்காக நடந்தது. அதுவும் மூன்று காலில்.

வழியில் கடமான் அதற்காக நின்றது.

"தங்கச்சி," என்றது. "முள்ளு இருந்துச்சு."

முயல் நடந்துகொண்டே இருந்தது. வாயில் குட்டி இருந்தது.

"நீ சொன்னே. எனக்குத்தான் கரிச்சான் பேச்சு பெருசாத் தெரிஞ்சுது. உனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு..."

முயல் அதைச் சுற்றிக்கொண்டு போனது. நின்று கேட்க அதற்கு நேரம் இல்லை. பின்னால் இன்னும் இரண்டு குட்டிகள் புல்லுக்குள் கிடந்தன. செந்நாய்க் காடு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதல் நாள் இரவுக்குள் ஒரு குட்டி போனது. மறுநாள் மத்தியானம் முயல் திரும்பி வந்து பார்த்தபோது வைத்த இடத்தில் புல் மட்டும் மிதிபட்டுக் கிடந்தது. ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தபோது முயலிடம் ஒரு குட்டிதான் இருந்தது. அதற்கு முதலில் தண்ணீர் காட்டியது. அப்புறம் தான் குடித்தது.

அழுங்கு சற்றுத் தள்ளி நின்று அதைப் பார்த்தது. சுருண்டுகொண்டது.

கரிச்சான் எப்போதோ வந்து சேர்ந்திருந்தது. வால் இறகு முளைக்கும்வரை கொஞ்சம் சிரமம்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது.

தரையில் காலே வைக்காதவனிடம் தரை எப்படி என்று கேட்டு, மிதித்துக் கத்தினவளின் பேச்சைத் தள்ளிவிட்டால், அந்தத் தப்புக்கு மிதித்தவள்தான் பிள்ளையைக் கொடுக்க வேண்டிவரும்.