சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்

"ஓடாத வண்டிக்கு என் ஷெட்டுல இடமில்ல. வெட்டி எடைக்குப் போடுங்க!" பழைய நீராவி ரயில் எஞ்சினைக் காட்டிக் கத்தினார் அதிகாரி தாண்டவமூர்த்தி.

ஷெட்டைக் கூட்டும் இருளாயி கும்பிட்டாள். "நாளைக்கு ஆயுதபூஜை. உங்க கையால இதுக்கும் ஒரு பூஜை போட்டுருங்கய்யா. அப்புறம் வெட்டட்டும்."

பூஜையன்று அவரும் பெருமையாகச் சூடம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

மறுநாள் வெட்டுகிறவன் வந்தான்.

"வண்டி உருண்டு பழத்த நசுக்கலையே! பூஜைய அரைகுறையா விட்டா, போட்டவுகளுக்குல்ல ஆகாது?" என்றாள் இருளாயி.

அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. "கரி போடுங்கடா!"

ஷெட்டே கூடிப் பழுது பார்த்தது. எஞ்சின் கூவிக்கொண்டு நகர்ந்தது, பழம் நசுங்கியது.

"இப்ப வெட்டலாமா சார்?" என்றான் வெட்டுகிறவன்.

இருளாயி குறுக்கே வந்தாள். "ஓடாத வண்டியத்தானய்யா வெட்டச் சொன்னீக?"

தாண்டவமூர்த்தி வெட்டுகிறவனைத் திருப்பி அனுப்பினார்.

அந்தப் புண்ணியவதியால்தான் நம் பிள்ளைகள் இன்றும் அந்த எஞ்சின் இழுக்கும் ரயிலில் போகிறார்கள். ஆயுதபூஜை அன்று ஷெட்டில் முதல் பொரி அவளுக்குத்தான்.