ஓவியர் படத்தில் இருந்த ஒரே தப்பு

ஓவியர் அம்பலவாணன் நோஞ்சான் மனுஷன். ஆயுசில் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அவர் வாழ்க்கையைப் படமாக்கிய இயக்குநர் கஜேந்திரபூபதியோ, நாயகனாக நடித்த ரணதீரனுக்காக நாலு சண்டையும் சுவிஸ் பனியில் ஒரு டூயட்டும் வைத்துவிட்டார். ஓவியரின் மகள் சம்மதித்தால்தான் படம் வெளிவரும். அவர் பார்க்க வருகிறார் என்றதும் இயக்குநருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உதவி இயக்குநர் இசக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சீன்கூட வெட்டக் கூடாது. ஆனா அந்தம்மா ஒரு தப்புகூடச் சொல்லக் கூடாது. சொன்னாங்க, நீ மூட்டையைக் கட்டு!"

இசக்கி தலையைச் சொறிந்தான். "ஒரே இடத்துல கை வச்சாப் போதும் சார்."

மறுநாள் அரங்கில் விளக்கு அணைந்தது. திரையில் தலைப்பு விழுந்தது: 'ரணதீரன்: ஒரு நாயகனின் உண்மைக் கதை.'

இயக்குநர் துள்ளி எழுந்தார். "என்னடா இது?"

"சண்டை, டூயட், சிக்ஸ்பேக் எல்லாம் நம்ம ஹீரோவுக்குத்தான் சார் பொருந்துது. ஓவியர் பேர் மட்டும்தான் தப்பா இருந்துச்சு. எடுத்துட்டேன்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தார். "இதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லப்பா."

"மாத்துடா அதை!" என்று கத்தினார் இயக்குநர்.

முன்வரிசையில் ரணதீரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "தலைப்புல எவனாவது கை வச்சா நான் ஆடியோ விழாவுக்கு வர மாட்டேன். இப்பத்தான்யா வரலாறு சரியா வந்திருக்கு!"