இரண்டு இன்ஜின், ஒரு கை

காது கொடுத்துக் கேளுங்கள். தீர்ப்புச் சொல்லும் அவசரம் மட்டும் வேண்டாம். இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. மூன்று பேரும் நல்லவர்கள், மூன்று பேரும் வேலை தெரிந்தவர்கள். தொல்லையே அங்கேதான்.

தூத்துக்குடியில் நோயாளிகளை ஏற்றிச் செல்லும் சின்ன விமானம் ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு இன்ஜின். பழுது பார்த்து, இனி பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறவள் பிலோமினா. எட்டு வருடமாக அதே வேலை. அவள் முடுக்கிய போல்ட்டை இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்று அங்கே பேச்சு. அவளுக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை, இல்லாமல் இருக்குமா?

அந்த மாதம் அரசாங்கத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. குறிப்பிட்ட எண் வரிசையில் வந்த ஆயில் பம்புகளில் உள்ளே ஒரு பல்சக்கரம் நாளடைவில் விரிசல் விடுகிறதாம். சோதித்துப் பார்த்து, நிறைய இடம் விட்டுத்தான் கெடு வைத்திருந்தார்கள்: இனி இருபத்தைந்து முறைக்கு மேல் அந்தப் பம்போடு பறக்கக் கூடாது, அதற்குள் மாற்றிவிட வேண்டும். இந்த விமானத்தின் இரண்டு இன்ஜினிலும் அதே பம்ப். இருபத்திரண்டு முறை பறந்தாகிவிட்டது.

இன்னொரு விதியும் உண்டு. அது கம்பெனியின் வேலைப் புத்தகத்தில் இருப்பது: ஒரே வேலையை இரண்டு இன்ஜினிலும் ஒரே ஆள் செய்யக் கூடாது. வேறு வழியே இல்லாதபோது மேலாளர் எழுதிக் கொடுத்து அதைத் தளர்த்தலாம். ஆகவே இடது இன்ஜின் பிலோமினாவுக்கு, வலது இன்ஜின் சென்னையிலிருந்து வரும் செல்லத்துரைக்கு என்று ஏற்பாடு.

காலையிலேயே பிலோமினா தன் பங்கை முடித்துவிட்டாள். புதிய பம்பை எடுத்தாள், பொருத்தினாள், முடுக்கினாள். இதுவரை எத்தனை பம்ப் மாட்டியிருப்பாள், கண்ணைக் கட்டிவிட்டாலும் கை தானாகச் செய்யும். பம்ப் வந்த பெட்டியின் அடியில் கிடந்த சின்னப் பொட்டலங்களை, ஈரம் உறிஞ்ச வைக்கிறதுதானே என்று, பெட்டியோடு ஓரமாகப் போட்டாள். இன்ஜினை ஐந்து நிமிடம் நிதானமாக ஓட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

பத்து மணிக்குச் செல்லத்துரையிடமிருந்து போன். சென்னையில் அவன் ஏற வேண்டிய விமானம் ரத்தாம். இன்று வர வழியில்லை. சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இவர்கள் இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது.

முத்துப்பேச்சி என்று ஓர் உப்பளத் தொழிலாளி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கல்லீரல் கெட்டு, மாற்று கிடைக்குமா என்று மாதக்கணக்காகக் காத்துக் கிடந்தவளுக்குச் சென்னையில் ஒன்று கிடைத்திருக்கிறது. மாலை ஐந்து மணிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். சாலையில் போனால் பத்து மணி நேரம். பாவம், அவள் புருஷன் அழைப்பு வந்த கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு ஆம்புலன்ஸில் வாசலுக்கே வந்துவிட்டான்.

மேலாளர் சங்கரபாண்டியன் யோசிக்கவே இல்லை. வலது பம்பையும் பிலோமினாவே மாற்றட்டும், ஒன்றரை மணி நேர வேலை, விதியைத் தளர்த்தி இதோ எழுதித் தருகிறேன் என்றார். நோயாளியை ஏற்றுகிற விமானத்தில் குறையுள்ள பம்பை வைத்துக்கொண்டு பறப்பதா? இரண்டும் புதிதாக இருப்பதுதானே நல்லது?

பைலட் உதுமான் தலையை ஆட்டினார். குறை என்று அரசாங்கமே சொன்ன பம்போடும் ஏறமாட்டேன், அவசர அவசரமாக விதியைத் தளர்த்திச் செய்த வேலையை நம்பியும் ஏறமாட்டேன். செல்லத்துரை வரட்டும், விமானம் நிற்கட்டும் என்றார். சொல்லும்போது வாசல் பக்கம் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை.

பிலோமினா சொன்னது மூன்றாவது வழி. வலது இன்ஜினைத் தொட வேண்டாம். கெடுவில் இன்னும் மூன்று பறப்பு மிச்சம் இருக்கிறது. பழைய பம்போடு சென்னைக்கு ஒரே ஒரு பறப்பு. அங்கே செல்லத்துரை மாற்றிவிடட்டும்.

சங்கரபாண்டியனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, உன் கை மேல எனக்கே சந்தேகம் இல்ல. உனக்கு என்ன?"

"எனக்கும் இல்ல சார்," என்றாள் பிலோமினா. "அதான் பயமா இருக்கு."

கேட்டுவிட்டீர்கள் அல்லவா? இப்போது சொல்லுங்கள்: இரண்டையும் புதிதாக்கச் சொன்ன மேலாளரா, விமானத்தை நிறுத்தச் சொன்ன பைலட்டா, பழையதோடு பறக்கச் சொன்ன பிலோமினாவா? இதில் யார் சொன்னது சரி?

விடை: பிலோமினா சொன்னதுதான் சரி. உதுமானும் கடைசியில் அதற்குச் சம்மதித்துத்தான் ஏறினார். விழுப்புரம் தாண்டியதும் இடது இன்ஜினில், ஆமாம், புதிய பம்ப் மாட்டிய இன்ஜினில், எண்ணெய் அழுத்தம் சரசரவென்று இறங்கியது. அதை அணைத்துவிட்டு, பழைய பம்ப் இருந்த வலது இன்ஜினை வைத்தே விமானத்தை இறக்கினார். முத்துப்பேச்சி ஐந்து மணிக்கு முன்பே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். செல்லத்துரை இடது இன்ஜினைப் பிரித்துப் பார்த்தான்: பம்புக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. முன்பெல்லாம் மாட்டியே வரும். இந்தப் புதிய பம்புக்கு அது தனிப் பொட்டலத்தில் வந்திருந்தது. நிதானமாக ஓட்டியபோது கசியாத எண்ணெய், வானில் முழு வேகத்தில் அந்த இடைவெளி வழியே வெளியேறிவிட்டது. வலதையும் அதே கை மாட்டியிருந்தால் இரண்டு இன்ஜினும் ஒன்றாக வறண்டிருக்கும். ஆனால் இப்படி நடந்ததால்தான் அவள் சொன்னது சரி என்று எண்ணிவிடாதீர்கள். ஒன்றுமே நடக்காமல் போயிருந்தாலும் அதுதான் சரி. பழைய பம்பின் குறையை அளந்து பார்த்துக் கெடு வைத்திருக்கிறார்கள். தேர்ந்த கையின் தவறை யாரும் அளந்ததில்லை. செல்லத்துரை போனில் இதைச் சொன்னதும் பிலோமினா ஓரமாகக் கிடந்த பெட்டியைக் கிளறி அந்தப் பொட்டலத்தைப் பிரித்தாள். வளையம் அவள் கட்டைவிரலுக்குச் சரியாக இருந்தது. நடந்த தவறைத் தன் பேர் போட்டு எழுதி மேலாளர் மேஜையில் வைத்தாள்.