அடைப்புக்குறிக்கு வெளியே

"என் இங்கிலீஷ்ல எது தப்புன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றார் வெயிலுமுத்து.

ஜெசிந்தா டீச்சருக்கு முப்பது வயது. வந்தவருக்கு ஐம்பத்தாறு.

ராயபுரத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் டீச்சர் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். அதிகம் பேசமாட்டார் என்று பெயர். பேசினாலும் கீழே காற்றடிக்கும் இயந்திரத்தின் சத்தத்தில் பாதி கேட்காது.

வெயிலுமுத்து மத்திய அரசின் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா. மனைவி மாரிக்கனி தூத்துக்குடியில் நர்ஸ். ஒன்பது வருஷமாக இவர் இங்கே, அவர் அங்கே. மாற்றல் வேண்டி ஏழு மனுக்கள் போட்டாயிற்று. மேலதிகாரி போபாலில் இருந்தார், தமிழ் தெரியாதவர். அதனால் எல்லாம் இங்கிலீஷில். ஏழுக்கும் பதில் வந்தது. மாற்றல் மட்டும் வரவில்லை.

இப்போது தூத்துக்குடியில் ஓர் இடம் காலியாகியிருந்தது. வெள்ளிக்கிழமை பட்டியலை மூடிவிடுவார்கள். அடுத்த இடம் காலியாக நாலு வருஷம் ஆகும். அதற்குள் இவரே ஓய்வு பெற்றுவிடுவார்.

அன்று செவ்வாய்க்கிழமை.

கிடங்கில் சக குமாஸ்தா ஒருவர் துப்பறிந்து வந்து சொல்லியிருந்தார். போபால் அதிகாரி இலக்கணத்தில் கறார். 'இன்' வரவேண்டிய இடத்தில் 'அட்' வந்தால் மேற்கொண்டு படிக்கவே மாட்டார். அதைக் கேட்டதிலிருந்து வெயிலுமுத்து பிரிபொசிஷன் பட்டியலும் கையுமாக அலைந்தார்.

அறுபத்திரண்டு பிரிபொசிஷன்களை மனப்பாடம் செய்திருப்பதாகச் சொன்னார். கேட்காமலே ஒப்பித்தும் காட்டினார். 'அபவுட்'டில் தொடங்கி 'வித்தவுட்'டில் நின்று மூச்சு வாங்கினார்.

டீச்சர் எழுந்து பலகையில் ஒரு வரி எழுதினார்.

'தி டாக் ஸ்லீப்ஸ் அண்டர் தி பெஞ்ச் இன் தி பார்க் ஆஃப்டர் லஞ்ச்.'

பிரிபொசிஷனில் ஆரம்பித்து, அது கையைப் பிடித்திருக்கும் பெயர்ச்சொல்வரை ஒரு துண்டு. அப்படி ஒவ்வொரு துண்டையும் அடைப்புக்குறிக்குள் போடச் சொன்னார்.

அண்டர் தி பெஞ்ச். இன் தி பார்க். ஆஃப்டர் லஞ்ச். மூன்றையும் வெயிலுமுத்து மடமடவென்று அடைத்துவிட்டார்.

"மிச்சம்?" என்றார் டீச்சர்.

"தி டாக் ஸ்லீப்ஸ்."

"நாய் இருக்கா சார்?"

"இருக்கு டீச்சர்."

"தூங்குதா?"

"தூங்குது."

"அப்ப நாளைக்கு வாங்க."

படியிறங்கும்போது அவருக்கு எரிச்சலாக வந்தது. இருப்பதே மூன்று நாள். அதில் ஒன்றை ஒரு நாய்க்குக் கொடுத்தாயிற்று.

புதன்கிழமை எட்டாவது மனுவோடு வந்தார். ஒரு முழுப்பக்கம். சக குமாஸ்தா படித்துவிட்டு, இதைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும் என்று பாராட்டியிருந்தார்.

டீச்சர் அதைப் படிக்கவில்லை. ஒரு பென்சிலை நீட்டினார்.

வெயிலுமுத்து உற்சாகமாக உட்கார்ந்தார். வித் டியூ ரெஸ்பெக்ட். இன் கன்டினியூவேஷன் ஆஃப் மை லெட்டர்ஸ். இன் வியூ ஆஃப் தி டிஸ்டன்ஸ். அண்டர் தி சர்க்கம்ஸ்டன்சஸ். ஆன் பிஹாஃப் ஆஃப் மை ஃபேமிலி. ஃபார் யுவர் கைண்ட் பெருசல். ஒன்றுகூடத் தப்பவில்லை. கிடங்கில் மூட்டைக்குக் குறிபோடுகிற கை. முப்பத்தோரு துண்டு என்று எண்ணிச் சொன்னார்.

"மிச்சம்?"

மேலே 'சார்' இருந்தது. கீழே 'தேங்க்கிங் யூ' இருந்தது. நடுவில் அங்கங்கே நாலு 'அண்ட்'.

"நாய் இருக்கா சார்?"

வெயிலுமுத்து தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இல்ல டீச்சர்."

வியாழக்கிழமை அவர் கையில் பழைய ஏழு மனுக்களின் நகல்கள் இருந்தன. பஸ்ஸிலேயே எல்லாவற்றிலும் அடைப்புக்குறி போட்டிருந்தார். ஏழிலும் அதே 'சார்', அதே 'தேங்க்கிங் யூ'. மாற்றல் என்ற பேச்சே எங்கும் இல்லை. போபாலிலிருந்து வந்த பதில்களையும் எடுத்து மேஜையில் பரப்பினார். எல்லாம் ஒரே வரி. தங்கள் கடிதம் கனிவுடன் பார்வையிடப்பட்டது.

கனிவுடன் பார்வையிடுங்கள் என்றுதான் எழுதியிருந்தார். அதிகாரியும் பார்வையிட்டிருந்தார். ஒன்பது வருஷத்தில் கேட்டதில் ஒன்றைக்கூட அந்த மனுஷர் மறுக்கவில்லை.

"பெரிய அதிகாரிகிட்ட நேரா கேக்கது மரியாதையா இருக்காதுல்லா டீச்சர்" என்றார் வெயிலுமுத்து, மெதுவாக.

கோரிக்கையைச் சுற்றியுள்ளதை எல்லாம் சொல்லிவிட்டால், படிக்கிறவர்கள் நடுவில் இருப்பதைத் தாமே புரிந்துகொள்வார்கள் என்பது கிடங்கில் வழக்கம். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவருக்கு முந்தின குமாஸ்தாவும் அப்படித்தான் எழுதினார். அவருக்கு மாற்றல் கிடைத்ததா என்று டீச்சர் கேட்டார். கிடைக்கவில்லை, இங்கேயே ஓய்வு பெற்று, ஊருக்குப் போன மாசமே இறந்துபோனார் என்றார் வெயிலுமுத்து.

டீச்சர் மேஜையில் பரப்பியிருந்த பதில்களை அடுக்கி ஓரமாக வைத்தார்.

"என்கிட்ட சொல்லுங்க சார். உங்களுக்கு என்ன வேணும்?"

"அதாவது டீச்சர், குடும்பச் சூழ்நிலையை முன்னிட்டு, தூரத்தையும் கருத்தில் கொண்டு..."

டீச்சர் கையைத் தூக்கினார். அவர் நின்றார்.

மறுபடி ஆரம்பித்தார். மறுபடி கை உயர்ந்தது.

மூன்றாம் முறை அவர் ஆரம்பிக்கவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார். கீழே யாருடைய லாரிக்கோ காற்று ஏறிக்கொண்டிருந்தது.

"பொஞ்சாதிகூட வாழணும் டீச்சர்."

சொல்லி முடித்ததும் காது மடல் சுட்டது. டீச்சர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் நகர்த்தினார். அதை எழுதச் சொன்னார். எந்த ஊர் என்பதை அடுத்த வரியில் எழுதிக்கொள்ளலாம் என்றார்.

முப்பது வருஷ உத்தியோகத்தில் 'ஐ வாண்ட்' என்று வெயிலுமுத்து ஒரு தாளையும் தொடங்கியதில்லை. பென்சில் இரண்டு முறை வழுக்கியது. பிறகு எழுதினார்.

'ஐ வாண்ட் டு லிவ் வித் மை வைஃப்.'

மூன்று நாள் பழக்கம். கை நிற்கவில்லை. 'வித் மை வைஃப்' என்பதைச் சுற்றி இரண்டு பக்கமும் அழகாக அடைப்புக்குறி போட்டுவிட்டது.

"மிச்சம்?" என்றார் டீச்சர்.

வெயிலுமுத்து படித்தார். "ஐ வாண்ட் டு லிவ்."

இன்னொரு முறை, உதடு மட்டும் அசைய, படித்தார். பிறகு அடைப்புக்குறிக்குள் இருந்ததைப் பார்த்தார். அடைப்புக்குறியின் வளைவில் விரலை வைத்தார்.

"டீச்சர், ரப்பர் இருக்கா?"