ராஜா மடியில் வந்து விழுந்த தெருநாய்

முன்னொரு காலத்தில் செங்கானல் நாட்டைக் கீர்த்திவளவன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் ஓரிடத்தில் உட்காரமாட்டார். சிம்மாசனத்தில் அமர்வார், எழுவார், சபையைச் சுற்றி நடப்பார். வழக்குச் சொல்ல வந்தவர்கள் அவர் பின்னாலேயே ஓடி ஓடி வழக்கைச் சொல்லவேண்டும்.

ஒருநாள் காவலர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு தெருநாய் சபைக்குள் புகுந்தது. செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியது. ராஜா நடந்தால் நடந்தது, திரும்பினால் திரும்பியது. கடைசியில் அவர் உட்கார்ந்ததும் தாவி மடியில் விழுந்தது.

"பார்த்தீர்களா! இந்தச் சபையிலேயே என் நடைக்கு ஈடுகொடுத்தது இது ஒன்றுதான்!" என்று ராஜா குதூகலித்தார்.

அரண்மனை அதிகாரி விடங்கர் விடுவாரா? "சாதாரண நாயா மன்னா இது? சிங்கத்தைத் தேடி வந்த சிங்கம்! தங்கள் வெண்கொற்றக் குடையின் கீழ் இதை வைத்துப் போற்றவேண்டும்" என்றார்.

அப்படியே நடந்தது. பட்டு மெத்தையில் நாய், தலைக்கு மேல் விரித்த குடை, முன்னால் தங்கத்தட்டில் பால்சோறு. நாயோ சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. உடம்பு வெடவெடவென்று நடுங்க, ஊளையிட ஆரம்பித்தது. கட்டிவைத்திருந்ததால் ஓடவும் முடியவில்லை.

ஊளை ஓயவில்லை. ராஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொஞ்சிப் பார்த்தார், பாட்டுக்காரர்களைப் பாடச் சொன்னார். நாய் அவர்களைவிட உரக்கப் பாடியது.

"வளர்த்தவரைப் பிரிந்த ஏக்கம் மன்னா" என்றார் விடங்கர். "சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது நம் மந்திரி அம்பலவாணருக்குப் பெரிய காரியமா? பொழுது சாய்வதற்குள் முடியாவிட்டால், மந்திரி பதவி அதை முடிக்கிறவர் கைக்குப் போகட்டுமே!"

எரிச்சலில் இருந்த ராஜா, "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார்.

உடனே விடங்கர் தண்டோரா போடச் செய்தார். நாயின் சொந்தக்காரருக்குப் பட்டுச் சால்வையும் அரண்மனை உத்தியோகமும் உண்டு. நாயை இழிவாகப் பேசுகிறவருக்குச் சாட்டையடி!

அரண்மனை வாசலில் ஊரே திரண்டது. விடங்கரின் மைத்துனன் பூவராகன்தான் முதல் ஆள்.

அம்பலவாணர் நாயின் அருகே போய்க் குனிந்து பார்த்தார். அதன் வால் காலிடுக்கில் செருகியிருந்தது. 'ஏங்குகிற நாய் வாசலைப் பார்க்கும். இது மேலே மேலே பார்க்கிறதே' என்று யோசித்தார். பிறகு நிமிர்ந்து, வந்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த நாய்க்கு எதைக் கண்டால் பயம்?"

பூவராகன் நெஞ்சை நிமிர்த்தினான். "பயமா? என் செல்லம் புலியையே விரட்டியிருக்கிறது!"

அடுத்தவன், "யானைகூட இதற்கு வழிவிடும்" என்றான். மற்றொருவன், "மன்னரைக் கண்டால் மட்டும் பக்தி கலந்த பயம்" என்று கும்பிட்டான். சபை கைதட்டியது. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. விடங்கர் மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்போது காவலரைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். ஊர் ஊராக வண்டியில் உப்பு விற்கும் காமாயி. தெருத்தெருவாகத் தேடியலைந்ததில் தொண்டை கட்டியிருந்தது.

"எலேய் மூக்கா! இங்கயா வந்து கிடக்க?" என்றவள், மேலே பார்த்துப் பதறிப்போனாள். "ஐயையோ, யாரு சாமி இது தலைக்கு மேல குடையைப் பிடிச்சது? மடக்குங்க, மடக்குங்க! குடைன்னா இதுக்கு உசுரே போயிடும்!"

சபை திடுக்கிட்டது. விடங்கர் துள்ளி எழுந்தார். "கேட்டீர்களா மன்னா! சிங்கத்தைக் கோழை என்கிறாள். தங்கள் வெண்கொற்றக் குடையை மடக்கச் சொல்கிறாள். எங்கே சாட்டை?"

ராஜாவின் முகம் சிவந்தது. "பெண்ணே, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்."

காமாயி நாயின் பக்கம் திரும்பினாள். அது நடுங்குவதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "அடிக்கிறதுன்னா அடிங்க ராசா. ஆனா முதல்ல குடையை மடக்கிட்டு அடிங்க. இது குட்டியா இருந்தப்ப சூறைக்காத்துல ஒரு தாழங்குடை பறந்து வந்து இது மேல கவிழ்ந்துடுச்சு. அன்னிலேருந்து எந்தக் குடையைக் கண்டாலும் இப்படித்தான்."

"மன்னா, குடையை மடக்கிப் பார்ப்பதில் நமக்கென்ன நஷ்டம்? சாட்டை எங்கும் ஓடிவிடாது" என்றார் அம்பலவாணர்.

ராஜா கையசைத்தார். குடை மடங்கியது.

ஊளை சட்டென்று நின்றது. நாய் உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டது. பால்சோற்றை ஒரே மூச்சில் நக்கித் தீர்த்தது. கட்டை அவிழ்த்ததும் பூவராகனைத் தாண்டி ஓடி, காமாயியின் சேலைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது.

ராஜா அப்படியே சிம்மாசனத்தில் சாய்ந்தார். "சீராட்டுகிறேன் என்று நானே இதைச் சித்திரவதை செய்திருக்கிறேனே! மந்திரியாரே, மற்றவர்கள் பொய் சொன்னது உமக்கு எப்படித் தெரிந்தது?"

"நாயை வளர்த்தவர் யாரும் அதைச் சிங்கம் என்று சொல்லமாட்டார் மன்னா. கூட இருந்து பார்த்தவருக்கு அதன் பயமும் தெரியும்."

ராஜா சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "தினமும் பாதிப் பொழுது இந்தச் சபையில் என்னையும் சிங்கம் என்கிறார்களே?"

சபையில் எல்லோரும் தங்கள் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். பொய்யனான பூவராகனையும், அவனை அனுப்பிய விடங்கரையும் கழுத்தில் பறையைத் தொங்கவிட்டுக்கொண்டு, "நாங்கள் சொன்னது பொய்" என்று தெருத்தெருவாக அறிவிக்க அனுப்பினார். காமாயியின் தோளில் பட்டுச் சால்வையைப் போர்த்தினார். உத்தியோகம் வேண்டாம் என்றுவிட்டாள் அவள். "இந்தப் பக்கம் உப்பு கொண்டாரப்ப இவனைக் கூட்டியாறேன் ராசா, உங்களோட நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியேறினாள். மூக்கன் வண்டிக்கு முன்னால் ஓடியது.

மறுநாள் சபை கூடியது. ஆஸ்தானப் புலவர் எழுந்து, "சிங்க..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "வணக்கம் மன்னா" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

அன்றைக்குச் சபை வெகு சீக்கிரமே முடிந்துவிட்டதாம்.